லூயிஸ்பர்க் கோட்டை: போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் கடலோரம், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்கள் கட்டிய கோட்டை நகரம் லூயிஸ்பர்க். கிளம்பும் முன் பலரும் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறோம். முதலில் பயணம், பிறகு உள்ளே பார்ப்பது, கடைசியில் கொஞ்சம் சிக்கலானவை.

லூயிஸ்பர்க் எங்கே இருக்கு? தீவுன்னு சொல்றாங்க, ஆனா கார்ல போகலாம்னும் சொல்றாங்களே?

இரண்டும் சரி. நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கேப் பிரெட்டன் தீவில், கிழக்குக் கரையில் இருக்கிறது. 1955-ல் கான்சோ நீரிணையின் குறுக்கே பாறைகளைக் கொட்டி ஒரு கரைப்பாதை போட்டார்கள். நீளம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அதில் காரிலேயே தீவுக்குள் நுழைந்துவிடலாம், படகு தேவையில்லை.

தீவின் பெரிய ஊர் சிட்னி. அங்கிருந்து 22-ஆம் எண் சாலையில் சுமார் 35 கி.மீ., முக்கால் மணி நேரத்துக்குள் லூயிஸ்பர்க். ஹாலிஃபாக்ஸ் விமான நிலையத்தில் இறங்கி கார் எடுத்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும்.

சிட்னிக்கு டிக்கெட் போடுங்கன்னா, அது ஆஸ்திரேலியா இல்லையா?

வேடிக்கைக் கேள்வி இல்லை. ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைத்து இங்கே வந்து இறங்கியவர்கள் உண்டு, செய்தித்தாள்களில் வந்திருக்கிறது. டிக்கெட் போடும்போது ஊர்ப் பெயரைப் பார்க்காமல் குறியீட்டைப் பாருங்கள். கேப் பிரெட்டன் சிட்னிக்கு ஒய்-கியூ-ஒய், ஆஸ்திரேலிய சிட்னிக்கு எஸ்-ஒய்-டி. கனடாவுக்குள் பறக்கும் விமானம் என்றாலும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது நல்லது.

விமான நிலையத்தில் வாடகைக் கார் கிடைக்கும். கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு அவசியம். கார் இல்லாமல் கோட்டைக்குப் போவது கடினம், பொதுப் பேருந்தை நம்பிப் போக வேண்டாம்.

டொரண்டோவிலிருந்து ஒரே மூச்சில் ஓட்டிப் போயிடலாமா?

ஓட்டலாம், ஒரே மூச்சில் வேண்டாம். தூரம் 2,000 கி.மீ.க்கு மேல். 401-ஆம் நெடுஞ்சாலையில் கிளம்பி கியூபெக்கின் 20-ஆம் சாலை, ரிவியேர்-டு-லூ, எட்மண்ட்ஸ்டன், மாங்டன், ட்ரூரோ, கான்சோ என்று பாதை போகும். நடுவில் குறைந்தது ஒரு இரவு, குழந்தைகள் இருந்தால் இரண்டு இரவு தங்குங்கள். நியூ பிரன்ஸ்விக் காட்டுப் பகுதியில் அந்தி நேரத்தில் சாலைக்கு மூஸ் மான்கள் வரும். அறுநூறு கிலோ மிருகம். இடித்தால் கார் கண்ணாடி வழியாக முன்னிருக்கையில்தான் வந்து விழும். இருட்டிய பிறகு அந்தப் பகுதியில் ஓட்டாதிருப்பதே புத்தி.

இங்கே அட்லாண்டிக் நேரம். டொரண்டோவைவிடக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். வந்த முதல் நாள் காலையில் இதை மறந்துதான் பலர் ஒரு மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

ஜூலை, ஆகஸ்ட். அந்த இரண்டு மாதங்களில்தான் கோட்டை முழுக்க ஆள் நடமாட்டம் இருக்கும்: சிப்பாய்கள், சமையல்காரிகள், கொல்லர், தோட்டக்காரர் என்று அந்தக் கால உடையில் ஆட்கள், பீரங்கி வேட்டு, விடுதிச் சாப்பாடு எல்லாம். ஜூன் முற்பகுதியிலும் செப்டம்பரிலும் கூட்டம் குறைவு, ஆனால் திறந்திருக்கும் வீடுகளும் குறைவு. அக்டோபர் நடுவுக்குப் பிறகு கட்டடங்களை வெளியிலிருந்து பார்ப்பதோடு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலை எதிர்பார்த்து வராதீர்கள். ஜூலையிலும் மூடுபனி வரும். காலையில் சிட்னியில் நல்ல வெயில் அடிக்கும், லூயிஸ்பர்க் போனால் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டத்தின் மேல் ஈரமான வெதுவெதுப்புக் காற்று படுவதால் வரும் பனி அது. போட்டோவுக்கு நஷ்டம்தான், ஆனால் கோட்டையை அப்படிப் பார்ப்பதும் ஓர் அழகு.

டிக்கெட் எவ்வளவு? வாசலிலேயே வாங்கலாமா?

கோட்டை வாசலில் டிக்கெட் கிடையாது. முதலில் வருவது பார்வையாளர் மையம். சீசனில் காரை அங்கேயே நிறுத்தி, டிக்கெட் எடுத்து, அவர்களுடைய பேருந்தில் ஏற வேண்டும். சில நிமிடப் பயணம், கட்டணம் டிக்கெட்டிலேயே அடக்கம். சீசன் முடிந்தபின் பேருந்து ஓடாது, காரிலேயே பக்கத்தில் போகலாம்.

முழு சீசனில் பெரியவர்களுக்கு 20 கனடிய டாலரை ஒட்டி இருக்கும், மற்ற நாட்களில் அதைவிடக் குறைவு. 17 வயது வரை உள்ளவர்களுக்கு இலவசம். இது பார்க்ஸ் கனடா நிர்வகிக்கும் இடம் என்பதால் அவர்களுடைய வருடாந்திர டிஸ்கவரி பாஸ் செல்லும். இதே பயணத்தில் கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்கும் பட்டெக்கில் உள்ள அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் அருங்காட்சியகத்துக்கும் போவதானால், பாஸா தனி டிக்கெட்டா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்ப நிக்கிறது பழைய கோட்டையா, புதுசா கட்டினதா?

பார்வைக்கு நிற்பவை ஏறக்குறைய எல்லாமே 1961-க்குப் பிறகு கட்டியவை. பழைய கோட்டையை பிரிட்டிஷார் 1760-ல் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்து வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அடுத்த இருநூறு ஆண்டுகள் அது புல் முளைத்த மேடு.

1950-களின் கடைசியில் கேப் பிரெட்டனின் நிலக்கரிச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. மத்திய அரசு 2.5 கோடி டாலர் ஒதுக்கி, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கல்தச்சு, மரத்தச்சு, கொல்லு வேலை கற்றுக்கொடுத்து இதைக் கட்ட வைத்தது. கற்பனையில் கட்டவில்லை. பிரெஞ்சு அரசு எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதிவைத்த அரசு: வரைபடம், ஒப்பந்தம், இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியல் என்று ஏழரை லட்சம் பக்கங்களுக்கு ஆவணங்கள் கிடைத்தன. தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்த அடித்தளத்தின் மேலேயே சுவர் எழுப்பினார்கள். எந்த ஆண்டைப் போல் கட்டுவது என்ற கேள்விக்கு 1744 கோடை என்று முடிவானது, முதல் முற்றுகைக்கு முந்தைய வருடம்.

நகரத்தில் நான்கில் ஒரு பங்குதான் இப்படித் திரும்பக் கட்டப்பட்டது. மீதி இன்றும் மண்ணுக்கடியில். "இது ஒரிஜினல் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் அந்த முக்கால் பங்கின் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும். அதைப் பற்றிக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

ரெண்டு மணி நேரம் போதுமா?

போதாது. காலை திறக்கும்போதே போய் மாலை வரை இருப்பதே சரியான கணக்கு. குறைந்தபட்சம் நான்கு மணி நேரம்.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளலாம். பேருந்து இறங்கி டோஃபீன் வாசல் வழியாக உள்ளே போங்கள். காவல் சிப்பாய் நிறுத்தி விசாரிப்பார். ஆங்கிலேய உளவாளியா என்று சந்தேகப்படுவது அவருடைய வேலை. விளையாட்டுக்குப் பதில் சொல்லலாம், பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் துறைமுகத் தெருக் கடைகளில் தேங்கிவிடாமல் நேராக ராஜா கொத்தளத்துக்குப் போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்குள் பார்க்க வேண்டியது அதுதான். நீளமான அந்த ஒரே கட்டடத்தின் ஒரு கோடியில் ஆளுநரின் பட்டுத்திரை அறைகள், நடுவில் தேவாலயம், மறுகோடியில் சிப்பாய்களின் கொட்டில். ஒரு பலகைக் கட்டிலில் இரண்டு பேர் படுக்க வேண்டும், வைக்கோலை வருடத்துக்கு ஒருமுறைதான் மாற்றுவார்கள். சம்பளப் பிடித்தம், அழுகிய காய்கறி, விறகுப் பற்றாக்குறை என்று 1744 டிசம்பரில் சிப்பாய்கள் கலகம் செய்த காரணம் அந்த அறையில் நின்றாலே புரியும்.

தேவாலயத்தின் தரைக்கடியில் தோண்டியபோது ஒரு கால் இல்லாத எலும்புக்கூடு கிடைத்தது. 1744 அக்டோபரில் இறந்த ஆளுநர் டுகெனெல், இளவயதில் போரில் கால் இழந்தவர். அடையாளம் காண அது ஒன்றே போதுமாக இருந்தது.

மதியத்துக்குப் பிறகு வீடுகள், பொறியாளர் இல்லம், ரொட்டிக்கூடம், துறைமுக ஓரம். கரேரோ வீட்டில் அந்தக் காலக் கட்டுமான முறையைச் சுவரைப் பிளந்துவைத்ததுபோல் காட்டியிருக்கிறார்கள். பலர் தவறவிடும் இடம் அது.

கப்பல் சுற்றுலாவில் சிட்னியில் ஆறு மணி நேரம்தான் நிறுத்தம். கோட்டைக்குப் போய் வரலாமா?

வரலாம், இறுக்கமாக. போக வர ஒன்றரை மணி நேரம், பேருந்துக்குக் காத்திருப்பது அரை மணி. கப்பலிலிருந்து இறங்கவும் திரும்ப ஏறவும் ஆகும் நேரத்தையும் கழித்தால் உள்ளே இரண்டரை மணி நேரம் மிஞ்சும். மேலே சொன்ன வரிசையில் ராஜா கொத்தளத்தையும் ரொட்டிக்கூடத்தையும் மட்டும் பாருங்கள், உட்கார்ந்து சாப்பிடும் ஆசையை விட்டுவிடுங்கள். கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்களே டாக்ஸி பிடித்தால் காத்திருக்காது.

உள்ளே சாப்பாடு கிடைக்குமா? சைவம்?

சீசனில் விடுதிகள் உண்டு. எது எந்த வருடம் திறக்கிறது என்பது மாறும். 1740-களின் சமையல்: சூப், மீன், இறைச்சி, ரொட்டி. எளியவர்கள் சாப்பிட்ட விடுதியில் ஒரு பெரிய கரண்டி மட்டும்தான் தருவார்கள், கழுத்தில் ஒரு பெரிய துணியைக் கட்டிவிடுவார்கள். முள்கரண்டி வசதி உள்ளவர்களின் சாமான். குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும்.

சைவம் குறைவு. பட்டாணி சூப் என்று எழுதியிருந்தாலும் பன்றி இறைச்சி போட்டுக் கொதிக்க வைத்ததாக இருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டி எடுத்துப் போவது உத்தமம், வெளியில் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கிறது. எது எப்படியானாலும் ராஜாவின் ரொட்டிக்கூடத்தில் சிப்பாய் ரொட்டி வாங்கிப் பாருங்கள். கோதுமை மாவும் ரை என்ற தானியத்தின் மாவும் கலந்தது, கனமானது, லேசான புளிப்பு. அந்தக் காலத்தில் ஒரு சிப்பாய்க்கு நான்கு நாளைக்கு ஒன்று என்று ஆறு பவுண்டு ரொட்டி கொடுத்தார்கள். இப்போது விற்பது சிறியது. மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பீரங்கி சத்தத்துக்குக் குழந்தை பயப்படுமா?

பயப்படும். குண்டு இருக்காது, வெடிமருந்து மட்டும்தான். ஆனால் சத்தம் நெஞ்சில் அடிக்கும். வேட்டு நேரம் காலையிலேயே அறிவிக்கப்படும். கைக்குழந்தையானால் அந்த நேரத்தில் ஊரின் மறுகோடிக்குப் போய்விடுங்கள். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் காதைப் பொத்தச் சொன்னால் போதும்.

தனிக் கட்டணம் கட்டி, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, அந்தக் காலத் துப்பாக்கியை நீங்களே சுடும் ஏற்பாடும் உண்டு. முன்பதிவு வேண்டும், வயது வரம்பும் உண்டு. ஈரமான நாளில் சிக்கிமுக்கிக் கல் தீப்பொறி தட்டினாலும் மருந்து பற்றாமல் போகும். நூற்றாண்டுகளாக எல்லாச் சிப்பாய்க்கும் இருந்த தலைவலி அது.

வயசான அம்மா அப்பாவால நடக்க முடியுமா?

முடியும், மெதுவாக. தரை சரளையும் கரடுமுரடான கல்லும். சக்கர நாற்காலி தள்ளுவது சிரமம், சில வீடுகளின் வாசற்படி உயரம், மாடிகளுக்குப் படிக்கட்டு மட்டும்தான். பேருந்து ஏற உதவி தேவைப்பட்டால் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லுங்கள்.

செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ. ஜூலையிலும் ஒரு ஸ்வெட்டரும் மழைக்கோட்டும் கையில் இருக்கட்டும். குடை இந்தக் கடற்காற்றில் இரண்டாவது நிமிடமே திரும்பிக்கொள்ளும்.

மதில் சுவரில் ஏன் மரப்பலகை அடிச்சிருக்காங்க?

நல்ல கண். கோட்டையின் பெரிய பலவீனமே அங்கேதான் இருக்கிறது. சுண்ணாம்புக் காரைக்குக் கடற்கரை மணலைப் போட்டார்கள். உப்பு கலந்த காரை சரியாக இறுகாது, ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் அந்த ஈரம் உறைந்து விரியும், வெயில் வந்தால் உருகும். ஒரு வருடத்தில் இது பலமுறை நடக்கும். ஒவ்வொரு முறையும் கல்லுக்கும் காரைக்கும் நடுவே விரிசல் கொஞ்சம் பெரிதாகும். பகைவர் வருவதற்கு முன்பே சுவர் தானாக உதிர்ந்தது. மழையும் பனியும் நேரடியாகப் படாமலிருக்கக் கல்சுவருக்கு மேல் பலகை அடித்தார்கள். மறுகட்டுமானத்திலும் அதை விடவில்லை.

இவ்வளவு பெரிய கோட்டை ரெண்டு தடவையும் எப்படி விழுந்தது?

கடல்பக்கம் பார்த்துக் கட்டிய கோட்டை, இரண்டு முறையும் நிலத்துப்பக்கமாக விழுந்தது. பின்னால் இருக்கும் சிறு குன்றுகள் மதிலைவிட உயரம். நடுவே சதுப்பு நிலம் இருப்பதால் பீரங்கி கொண்டுவர முடியாது என்று நம்பியிருந்தார்கள்.

1745-ல் நியூ இங்கிலாந்திலிருந்து (பாஸ்டனைச் சுற்றியுள்ள, அப்போது பிரிட்டிஷ் குடியேற்றங்களாக இருந்த அமெரிக்கப் பகுதி) சுமார் 4,000 பேர், பெரும்பாலும் விவசாயிகளும் மீனவர்களும், வில்லியம் பெப்பரெல் என்ற வணிகர் தலைமையில் வந்தார்கள். கடலில் பீட்டர் வாரனின் பிரிட்டிஷ் கப்பல்கள். சக்கரம் சேற்றில் புதைந்ததும் மரச்சறுக்கு செய்து, பீரங்கியை அதில் ஏற்றி, மனிதர்களே இழுத்தார்கள். துறைமுகத்தின் பெரிய பீரங்கி மேடையைப் பிரெஞ்சுக்காரர்கள் சண்டையில்லாமல் கைவிட்டார்கள். பற்றவைக்கும் துளையில் ஆணி அறைந்துவிட்டுத்தான் போனார்கள், ஆனால் வந்தவர்கள் அதைத் துளைத்தெடுத்து அதே பீரங்கிகளை ஊரை நோக்கித் திருப்பினார்கள். ஏழு வாரத்தில் ஊர் பணிந்தது.

1758-ல் வந்தது முறையான படை: ஆம்ஹெர்ஸ்ட் தலைமையில் 13,000-க்கு மேல் சிப்பாய்கள், பாஸ்கவனின் கடற்படை. ஜூன் 8 அன்று கென்னிங்டன் கோவ் என்ற சிறு கடற்கரையில் வுல்ஃப் என்ற தளபதியின் பிரிவு இறங்கியது. ஜூலை 26 அன்று ஆளுநர் ட்ரூகூர் சரணடைந்தார். தோல்விதான், ஆனால் அவர் இழுத்தடித்த அந்த ஏழு வாரத்தால் கியூபெக் மீதான படையெடுப்பு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. கென்னிங்டன் கோவ் இப்போதும் பூங்காவுக்குள்தான் இருக்கிறது, காரில் போகலாம். மணல் நன்றாக இருக்கும், தண்ணீர் பல்லைக் கிட்டிக்க வைக்கும்.

இதுக்கும் மெட்ராஸுக்கும் ஏதோ சம்பந்தம்னு படிச்சேன். உண்மையா?

உண்மை. 1745-ல் பிரிட்டன் கையில் லூயிஸ்பர்க். 1746 செப்டம்பரில் லா போர்தொனே கப்பல்களோடு வந்து சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்களுக்காகப் பிடித்தார். 1748 அக்டோபரில் ஏ-லா-ஷபேல் உடன்படிக்கையில் இரண்டு அரசுகளும் பிடித்ததைத் திருப்பிக்கொடுத்தன. பிரான்சுக்கு லூயிஸ்பர்க், பிரிட்டனுக்கு மெட்ராஸ். 1749-ல் இரண்டும் கைமாறின.

பாஸ்டன்காரர்கள் கொதித்துப் போனார்கள். ஊரைப் பிடித்த சண்டையைவிட, பிடித்த பிறகு வந்த குளிர்காலத்தில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும்தான் அவர்களுடைய ஆட்கள் அதிகம் இறந்தார்கள். அப்படி வாங்கிய ஊர், தாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு இந்தியத் துறைமுகத்துக்காகப் போய்விட்டது. அமெரிக்கக் குடியேறிகளுக்கு லண்டன் மீது கசப்பு சேர்ந்த கதையில் இதற்கும் ஓர் இடம் உண்டு.

இங்கே அடிமைகள் இருந்தாங்களா? அதைப் பத்திச் சொல்றாங்களா?

இருந்தார்கள், சொல்கிறார்கள். பிரெஞ்சுக் காலத்தில் இந்தத் தீவில் இருநூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தது பதிவுகளில் தெரிகிறது. கரீபியன் தீவுகளுக்குக் காட் என்ற மீனின் கருவாடு போனது, அங்கிருந்து சர்க்கரையும் ரம்மும் மனிதர்களும் வந்தார்கள். மரி மார்கரீத் ரோஸ் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். கினியில் பிறந்து, லோபினோ என்ற அதிகாரி வீட்டில் சுமார் இருபது ஆண்டுகள் அடிமையாக இருந்து, 1755-ல் விடுதலை பெற்று, மிக்மாக் பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை மணந்து, சொந்தமாகச் சாப்பாட்டு விடுதி நடத்தினார். 1757-ல் இறந்துபோனார்.

மிக்மாக் மக்களுக்கு இந்தத் தீவு உனமாகி. பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அவர்களுடைய நிலம் இது.

திரும்பக் கட்டாத பகுதியில் என்ன இருக்கு பார்க்க?

புல்மேடுகள், பள்ளங்கள், அங்கங்கே கல்வரிசை. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் மேலே சொன்ன முக்கால் பங்கு இதுதான், ஒரிஜினல் கோட்டை இங்கேதான் கிடக்கிறது. நடைபாதைப் பலகைகளில் வரைபடம் இருக்கும்; மருத்துவமனை எது, கொத்தளம் எது என்று அதை வைத்துப் பொருத்திப் பாருங்கள். உயரப் புல்லில் உண்ணி உண்டு. காலுறைக்குள் பேண்ட்டைச் செருகிக்கொண்டு போங்கள், வந்ததும் கால்களைப் பாருங்கள்.

கோடியில் ரோஷ்ஃபோர் முனை. 1745 முற்றுகைக்குப் பிந்தைய குளிர்காலத்தில் இறந்தவர்கள் உட்பட ஆயிரம் பேர் அளவில் அங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று மதிப்பிடுகிறார்கள். கடல் அரித்துக்கொண்டே வருவதால் அலை கொண்டுபோகும் முன் தொல்லியலாளர்கள் எலும்புகளை எடுத்துப் பாதுகாத்து வருகிறார்கள். 1740-களைவிட இங்கே கடல் மட்டம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் ஏறுவதோடு நிலமும் மெல்லத் தாழ்கிறது. பாதை சேதமாகி மூடியிருந்தால் தடுப்பைத் தாண்டாதீர்கள்.

ஒரு சின்னக் கல், ஓட்டுத்துண்டு எடுத்துட்டு வந்தா என்ன?

சட்டப்படி குற்றம். அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும்: ஒரு துண்டு எந்த அடுக்கில் எங்கே கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு, கையில் எடுத்ததும் அது வெறும் ஓடு. எதையாவது கண்டால் அங்கேயே விட்டுவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். மெட்டல் டிடெக்டரும் கூடாது. அனுமதியில்லாமல் டிரோன் பறக்கவிடுவதும் தடை.

கலங்கரை விளக்கம் டிக்கெட்டில் சேர்ந்ததா?

டிக்கெட்டே வேண்டாம். துறைமுகத்தின் எதிர்க்கரையில் இருக்கிறது, லூயிஸ்பர்க் ஊர் வழியாகக் காரில் போக வேண்டும். கனடாவின் முதல் கலங்கரை விளக்கம் 1734-ல் இங்கேதான் ஏற்றப்பட்டது. இரண்டே வருடத்தில் தீப்பிடித்ததால் மரம் தவிர்த்துக் கல்லில் திரும்பக் கட்டினார்கள். இப்போது நிற்பது 1923-ல் கட்டியது. சாயங்காலம் கோட்டை மூடிய பிறகு போங்கள், அங்கிருந்துதான் முழு ஊரும் மதிலோடு ஒரே பார்வையில் தெரியும். பாறைகள் வழுக்கும், கறுப்பாக ஈரமாக இருக்கும் பாறைகளின் பக்கமே போக வேண்டாம்.

அதே நாளில் கேபட் டிரெயிலையும் முடிச்சிடலாமா?

முடியாது. அந்தச் சுற்றுப்பாதை மட்டுமே 298 கி.மீ. லூயிஸ்பர்க்குக்கு ஒரு நாள், கேபட் டிரெயிலுக்கு ஒன்றரை நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேரம் மிச்சமிருந்தால் வழியில் கிளேஸ் பே சுரங்கத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளர்களே நிலத்தடிக்கு அழைத்துப் போய்க் காட்டுவார்கள். கூரை தாழ்வு, முதுகு வலி உள்ளவர்கள் யோசித்து இறங்கவும். தங்குவதற்கு லூயிஸ்பர்க்கிலேயே சில விடுதிகள் உண்டு. அவை நிரம்பியிருந்தால் சிட்னியில் அறை எடுங்கள்.